வீடு திரும்பும் நேரம்

ஏழாவது இடத்தில் அவனுடைய விளையாட்டு இருந்தது.

'இந்த ஆண்டு நாம் காத்திருக்கும் பத்து' என்று அந்த இணையப் பக்கம் தலைப்பிட்டிருந்தது. பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லாமல், இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்யும் வீடியோ கேம்கள். வார்சாவிலிருந்து ஒன்று. சாவோ பாவ்லோவிலிருந்து ஒன்று.

ஏழாவது, தூத்துக்குடியிலிருந்து.

போனில் ஷெர்லின் அழுதுகொண்டே சிரித்தாள். மூன்று வருடங்கள். அவள் சென்னையில் உட்கார்ந்து நிரல் எழுதினாள். அவன் இங்கே, அம்மா வீட்டு முன்னறையில் உட்கார்ந்து வரைந்தான்.

"நீ படிக்காத இசக்கி. நான் வாசிக்கிறேன், கேளு."

அவன் கேட்டான். படிக்காமல் இருப்பது அவனுக்கும் வசதியாகத்தான் இருந்தது.

அவள் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னாள்.

'உப்பளத்தில் வேலை முடிந்த ஒரு பெண், பாத்திகளுக்கு நடுவே வீட்டுக்கு நடக்கிறாள். கதை அவ்வளவுதான். ஆனால் அந்த வெயில்!'

அவன் நிமிர்ந்தான்.

'கண் கூசும் உச்சி வெயில். நிழல்கள் மட்டும் மாலை நிழல்களாக நீண்டு கிடக்கின்றன. சூரியனோ சாய மறுக்கிறது. பெயர் வீடு திரும்பும் நேரம். அந்த நேரம் வரவே போவதில்லை. வெளிச்சத்தை இவ்வளவு துணிச்சலாகக் கையாண்ட விளையாட்டைப் பார்த்து நாளாகிறது.'

"துணிச்சலாம்! கேட்டியா?"

கேட்டான்.

அவன் வரைந்திருந்தது அந்தி.

செம்மஞ்சள் வானம். ஊதா நிழல். உப்புக் குவியல்களின் ஓரத்தில் கடைசி வெளிச்சம். அதைத்தான் வரைந்தான். இப்போதும் திரையில் அதுதான் தெரிந்தது.

சில நாட்கள் படம் மங்கலாகப் படும். வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டுவான். அடுத்த மாதம் மறுபடி மங்கும். மறுபடி கூட்டுவான். திரைதான் பழசாகிவிட்டது என்று புதிதாக ஒன்று வாங்கினான். ஜன்னல் திரைச்சீலையை மாற்றினான்.

ஆறு மணிக்கு மேல் பைக் எடுப்பதை நிறுத்தி ஒரு வருடமாகிறது. ஒருமுறை தெருவோரச் சாக்கடையில் கால் விட்டான். செருப்பு வழுக்கிவிட்டது என்று அம்மாவிடம் சொன்னான். தன்னிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டான்.

"ஷெர்லின், உனக்கு அது என்ன நேரமாத் தெரியுது?"

"என்ன கேள்வி இது? நடு மத்தியானம். ஒரு மணி இருக்கும்."

அவன் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனான்.

"போன வருஷமே கேட்டேனே, கண்ணு கூசுதேன்னு. இப்படித்தான் வேணும்னு நீதானே சொன்ன?"

சொல்லியிருந்தான். பாராட்டுகிறாள் என்று நினைத்து.

"இனிமே ஒரு கலரையும் தொட்டுடாத. எல்லாரும் இதுக்காகத்தான் காத்திருக்காங்க."

"அப்புறம் பேசுறேன்" என்று வைத்தான்.

அடுப்படியில் அம்மா சாளை மீன் உரசிக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருடம் அளத்தில் உப்பு வாரியவள். இப்போது முழங்கால் விடுவதில்லை. திரைக்குள் நடக்கும் பெண்ணுக்கு அவள் நடையைத்தான் கொடுத்திருந்தான். முழுதாக முடித்துவிட்டுக் காட்டலாம் என்று இதுவரை ஒளித்து வைத்திருந்தான்.

"அம்மா, கையக் கழுவிட்டு வா."

நாற்காலியில் உட்காரவைத்தான். ஓடவிட்டான்.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்தபடி பார்த்தாள். கொஞ்ச நேரத்தில், தானாக அவள் கை புருவத்துக்கு மேல் போய் நின்றது.

"ஏய்யா, பொழுது சாயட்டுமே. இந்த வெயில்ல எதுக்கு அவள நடக்க விடுத?"

அவன் அவள் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தான். மவுஸைப் பிடித்தான்.

"நான் வெளிச்சத்தக் குறைக்கேன். பொழுது சாஞ்ச மாதிரி ஆனதும் சொல்லு."

குறைத்தான்.

அவனுக்குப் பாத்தித் தண்ணீரின் மினுக்கம் போனது.

"இன்னும்" என்றாள் அம்மா.

உப்புக் குவியல்கள் போயின.

"இன்னும்."

நடக்கிறவளின் முகம் போனது. பிறகு கால்கள்.

"இன்னும் கொஞ்சம்."

அவன் கை நின்றது. இதற்கு மேல் குறைத்தால் ஒன்றுமே இருக்காது. அம்மா விளையாடவில்லை என்பது குரலில் தெரிந்தது. நகர்த்தினான்.

கறுப்பு. பின்னாலிருந்த ஜன்னல், பகல் பதினோரு மணி வெளிச்சத்தோடு, திரைக் கண்ணாடியில் ஒரு சதுரமாக விழுந்து கிடந்தது. அதன் நடுவே அவன் தலை.

"இந்தா, நிப்பாட்டு. இதாம்யா நேரம்." அம்மாவின் குரல் இளகியிருந்தது. "இப்பந்தான் காத்து வரும். கால்ல உப்புத் தண்ணி எரிச்சல் கொஞ்சம் அடங்கும்."

"அவ முகம் தெரியுதாம்மா?"

"தெரியாம என்ன? சோந்து போயி வாரா, பாவம்." நாற்காலி முன்னால் நகரும் சத்தம் கேட்டது. "ஏய்யா, அந்தக் கடைசியில வீடு வரைஞ்சிருக்கியா? லைட்டு எரியுதே. இம்புட்டு நேரம் வெயில்ல அது தெரியவே இல்ல."

அவள் விரல் கண்ணாடியில் எங்கோ தட்டியது.

"அந்தா. தெரியுதுல்லா?"

"தெரியுதும்மா."

விசைப்பலகையைத் தடவிப் பார்த்து, அப்படியே சேமித்தான்.