சம்படத்தில் ஒரு பிடி சர்க்கரை

படியேறும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பதினோரு நாள் கழித்து வந்த சிரிப்பு. அடக்கவும் தோன்றவில்லை.

கையில் சம்படம். பித்தளை. உள்ளங்கை அகலம், மூடியில் ஒரு நசுங்கல். பார்த்தால் பேரீச்சம்பழத்துக்குப் போடலாம் போலத்தான் இருக்கும்.

அதில்தான் நேற்று தண்ணீர் ஊற்றிப் பூங்கோதையின் தலைமாட்டில் வைத்தாள். இன்று காலையில் ஒரு வாய் புகட்டினாள்.

ஐந்து வயதுப் பிள்ளை. டாக்டர்கள் கையை விரித்துவிட்ட காய்ச்சல். ஒரே ஒரு வாய்தான். நெற்றி குளிர்ந்துவிட்டது. கண்ணைத் திறந்து, "அம்மா, பாயாசம் வேணும்" என்றது.

அந்தக் குரலுக்கு ஊரையே எழுதி வைக்கலாம்.

மந்திரம் என்றால் புகை வேண்டும், தாடி வேண்டும், குகை வேண்டும் என்று யார் சொன்னது? இந்தக் குடியிருப்பின் நான்காவது மாடியில், ரஞ்சிதம் அக்கா வீட்டு அலமாரியில், ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் அது பாட்டுக்கு இருக்கிறது. கேட்டால் தருவாள். பதிலுக்கு எதுவும் வாங்க மாட்டாள். ஒரே ஒரு நிபந்தனை.

"காலியாத் திருப்பிக் குடு. கழுவு, துடை, காலியாக் குடு."

மூன்று தடவை சொன்னாள். இவளும் மூன்று தடவை தலையாட்டினாள்.

கதவு திறந்தது.

அக்கா சம்படத்தை வாங்கினாள். கனம் தட்டியது. மூடியைத் திறந்தாள்.

உள்ளே வெள்ளை வெளேரென்று ஒரு பிடி சர்க்கரை.

"அடிப்பாவி! என்னடி பண்ணி வச்சிருக்கே?"

அப்போதுதான் இவளும் பார்த்தாள். சத்தியமாக இவள் போடவில்லை. கைதான் போட்டது. கழுவினாள், துடைத்தாள். பாயாசத்துக்கு எடுத்த சர்க்கரை டப்பா பக்கத்திலேயே திறந்து கிடந்தது. அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தே அறியாத கை. ஒரு பிடி அள்ளிப் போட்டு மூடிவிட்டது.

"வெறும் பாத்திரத்தை எப்படிக்கா குடுக்கிறது..."

அக்கா நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நாம குடுத்தா அது வாங்கிக்கும்டி. ஒரு பிடியோட நிக்காது. அடியோட எடுத்துக்கும்."

"எதைக்கா?"

"எனக்கென்ன தெரியும்? இதுவரைக்கும் யாரும் இப்படிப் பண்ணினதில்லையே. சர்க்கரையோட போனா புண்ணியம். காப்பாத்தின உசுரையே திரும்பக் கேட்டுச்சுன்னா..."

மீதியைக் கேட்க அவள் அங்கே இல்லை.

நான்கு மாடி. இரண்டாவதில் ஒரு செருப்பு கழன்றது. போய்த் தொலையட்டும். இறங்க இறங்கப் படிகள் கூடிக்கொண்டே போயின. கொடிகளில் காய்ந்த சேலைகள் காற்றே இல்லாமல் மெல்ல ஆடின.

எதிரே எறும்புகள் வந்தன.

சாரை சாரையாக. சுவரெல்லாம், கைப்பிடியெல்லாம். அவளுடைய வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டு, அவசரமே இல்லாமல், மேலே ஏறிக்கொண்டிருந்தன.

ஐயோ, என் பிள்ளை.

வீட்டுக்குள் சத்தமே இல்லை.

பூங்கோதை பாயில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பாயாசக் கிண்ணம். வாயைச் சுற்றிப் பால். முகத்தைச் சுளித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இதுல இனிப்பே இல்ல."

இவள் விரலால் தொட்டு நக்கிப் பார்த்தாள். இல்லை. டப்பாவிலிருந்து சர்க்கரையை அள்ளி வாயில் போட்டாள். மணலை மெல்வதுபோல இருந்தது. வெல்லக்கட்டியைக் கடித்தாள். அதுவும் அப்படியே. தட்டில் கிடந்த வாழைப்பழம்கூட வெறும் மாவு.

"நீ என்னை ஏமாத்திட்டே!"

பூங்கோதை கிண்ணத்தைத் தள்ளிவிட்டாள். உதடு பிதுங்கியது. காலை உதைத்துக்கொண்டு, வீடே அதிர, அழ ஆரம்பித்தாள்.

அவள் பிள்ளையை வாரி மடியில் போட்டுக்கொண்டாள். கொட்டிய பாயாசம் சேலையெல்லாம் நனைத்தது. அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"அழுடி, என் ராசாத்தி. நல்லாச் சத்தமா அழு. மேல ரஞ்சிதம் அக்காவுக்குக் கேக்கட்டும்."