வகுபடாத பிள்ளை

அந்த நாட்டில் ஆளுக்கொரு எண் உண்டு; தாய், தகப்பன் எண்களைப் பெருக்கினால் வருவதுதான் பிள்ளையின் எண். புயலில் கண்டெடுத்து செசிலி வளர்த்த அமலனுக்கோ, பெற்றவர் தெரியாததால், அரசு ஒரு நாற்பது இலக்கப் பகா எண்ணைக் கொடுத்திருந்தது.

நோயாளியின் எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் எண்ணுக்குத்தான் ஆஸ்பத்திரிக் கதவு திறக்கும். உள்ளே நோயில் கிடந்த அமலனைப் பார்க்க, செசிலி தன் எண்ணை அழுத்தினாள். மீதி வந்தது.

“இருவது வருசமா வளத்தேன்யா!”

“அவன் நம்பர் பகா எண்ணும்மா. அதாலயும் ஒண்ணாலயும் மட்டுந்தான் வகுபடும்,” என்றார் காவலாளி.

“அந்த ஒண்ணு யாரோட நம்பரு?”

“அரசாங்கத்தோடது.”

மூன்று நாள் கதவடியிலேயே கிடந்தாள். நான்காம் நாள் அரசாங்க வண்டி வந்ததும் கதவு சட்டென்று திறந்தது. அமலனைத் துணி சுற்றித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கால்விரலில் கட்டிய சீட்டில், உறவினர் என்ற இடத்தில் 1 என்று அச்சாகியிருந்தது.