மூணு படி

"நெறமாசக்காரியக் கூட்டிக்கிட்டு ஊர் சுத்திப் பாக்கக் கெளம்பிட்டீங்களாக்கும்?"

எதிர் பெஞ்சில் இருந்த கூடைக்காரி கேட்ட கேள்விக்குப் பெட்டியே திரும்பிப் பார்த்தது. கண்ணையன் சிரித்து வைத்தான்.

"சனி, ஞாயிறு ரெண்டு நாள்தாங்க அக்கா. திருச்சியில தம்பி காலேஜ்ல படிக்கிறான். அவனையும் பாத்துட்டு, தெப்பக்குளம், மலைக்கோட்டையெல்லாம்..."

"மலைக்கோட்ட எங்கியும் ஓடிப் போயிடாது. இந்த வயித்தோட ரயிலு கேக்குதா? ஆம்பளைக்கு என்னத்தத் தெரியும்!"

திட்டிக்கொண்டே எழுந்து, தன் சன்னலோரத்தைச் சிந்தாமணிக்கு விட்டுக்கொடுத்தாள்.

திட்டு கண்ணையனுக்கு உறைக்கவில்லை. அவன் மனைவியின் வயிற்றில் இருந்தது மூன்று படி அரிசி.

யுத்தம் வந்து, ரேஷனும் வந்த பிறகு அரிசியை ரயிலில் கொண்டுபோகக் கூடாது. பிடித்தால் அரிசியும் போகும், ஆளும் உள்ளே போவான். ஆனால் தம்பி வைத்திலிங்கம் சாப்பிடும் மெஸ்ஸில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். வீட்டிலிருந்து அரிசி வந்தால்தான் திங்கட்கிழமை முதல் அவனுக்கு இலை. அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்தவன் அவன் ஒருவன்தான்.

யோசனை கண்ணையனுடையது. ஊருக்குச் சொன்னது, புருஷனும் பெண்டாட்டியும் திருச்சி பார்க்கப் போகிறார்கள். அரியலூர் ஸ்டேஷனுக்கு இந்தப் பக்கமே, கருவேல மரங்களின் மறைவில் நின்று, அரிசி மூட்டையையும் பழைய வேட்டியையும் எடுத்தபோதுதான் அவளிடமே விஷயத்தைச் சொன்னான்.

சிந்தாமணி அரிசி மூட்டையைப் பார்த்தாள். பிறகு, "அரிசி போகலன்னா தம்பி என்னங்க பண்ணும்?" என்றாள்.

"படிப்ப வுட்டுட்டு வந்து மாடு மேய்க்க வேண்டியதுதான்."

தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி. கட்டுங்க."

இழுத்துக் கட்டினான். தளர்ந்தால் சரிந்துவிடும்.

"ரொம்ப இறுக்குதுங்க."

"டவுன் ஸ்டேஷன் வரைக்கும் பல்லக் கடிச்சுக்க. யாராச்சும் கேட்டா எட்டு மாசம்னு சொல்லு. எங்க, சொல்லு?"

"எட்டு."

இந்தப் பயணத்தில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. மலைக்கோட்டை ஏறித் தாயுமானவரைப் பார்க்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து எதுவும் தங்காத வயிறு. வேண்டிக்கொள்ளட்டும் என்று அவனும் தலையாட்டியிருந்தான்.

வண்டி புள்ளம்பாடியைத் தாண்டியது. கூடைக்காரி வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள்.

"எத்தன மாசம் தாயி?"

சிந்தாமணி வெளியே எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"மூணு."

கண்ணையன் குறுக்கே விழுந்தான். "எட்டுங்க அக்கா, எட்டு! தலைச்சன் பாருங்க, பயத்துல உளறுது."

கூடைக்காரி சிரிக்கவில்லை. சிந்தாமணியின் முகத்தைப் பார்த்தாள். வயிற்றைப் பார்த்தாள். மறுபடியும் முகத்தைப் பார்த்தாள். வெற்றிலை கையிலேயே இருந்தது.

லால்குடியில் சோதனைக்காரன் ஏறினான். கூடைகளைக் கவிழ்த்தான், மூட்டைகளைக் குத்திப் பார்த்தான். சிந்தாமணிக்கு முன்னால் வந்து நின்றான்.

"இந்தாம்மா, எந்திரி."

கூடைக்காரிதான் எழுந்தாள்.

"எதுக்கு எந்திரிக்கணும்? புள்ளத்தாச்சி வயித்தத் தடவிப் பாக்கப் போறியா? ஒன் வூட்டுல பொம்பளைங்க யாரும் இல்லியா?"

"எந்திரிக்கத்தானே சொன்னேன்..."

"புள்ளைக்கு ஒண்ணுன்னா நீ வந்து பதில் சொல்லுவியா? கை வையி பாப்பம்!"

பெட்டியே சேர்ந்துகொண்டு இரைந்தது. அவன் முணுமுணுத்தபடி அடுத்த பெட்டிக்குப் போய்விட்டான்.

கண்ணையன் கையெடுத்துக் கும்பிட்டான். கூடைக்காரி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஸ்ரீரங்கத்தில் இறங்கும்போது மட்டும் அவன் காதருகே குனிந்தாள்.

"மொதல்ல அந்தக் கட்ட அவுத்து வுடு, பாவி."

அரிசி என்று தெரிந்தும் காட்டிக் கொடுக்கவில்லையே, நல்ல மனுஷி என்று நினைத்துக்கொண்டான். ஆனால் அடுத்த ஸ்டேஷன்தான் டவுன். இவ்வளவு தூரம் வந்த பிறகு நடுவழியில் அவிழ்ப்பானேன்?

தெப்பக்குளத்தைத் தாண்டிப் போகும்போது, "அதோ, தம்பி படிக்கிற காலேஜ்" என்று காட்டினான். அவள் நிற்காமல் நடந்தாள்.

மெஸ்ஸின் கொல்லையில் கட்டு அவிழ்ந்தது. ஒரு மணி சிந்தவில்லை. மெஸ்காரர் அரிசியை அள்ளிப் பார்த்து, "தம்பிக்கு இனிமே கவல இல்லீங்க. காலேஜ் வுட்டதும் நேரா வந்து சாப்புடச் சொல்லுங்க" என்று உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.

சிந்தாமணி துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தாள். சேலை விலகிய இடுப்பில் வேட்டி வரிந்த தடம் சிவந்து தடித்திருந்தது.

கண்ணையனுக்கு இப்போதுதான் மூச்சும் வந்தது, சிரிப்பும் வந்தது.

"எந்திரி. தாயுமானவரப் பாக்கணும்னியே."

"ஏற முடியாதுங்க."

இரண்டு கையாலும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, முழங்காலில் முகம் படக் குனிந்திருந்தாள்.

"ரயிலு அலுப்பு, செத்த இருந்தா சரியாப் போயிடும். ஆனாலும் நீ ஒருத்தி! எட்டு, எட்டுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அவ மாசத்தக் கேட்டா நீ அரிசியச் சொல்றியே. மூணோட நிறுத்தின. படின்னும் சேத்துச் சொல்லியிருந்தா இந்நேரம் ரெண்டு பேரும் கம்பி எண்ணியிருப்போம்."

அவள் தலையைத் தூக்கவில்லை.

"நான் அரிசியச் சொல்லலீங்க."