கயல் டீக்கடை நிறுத்தம்

"கடையைத் தரலைன்னா நாளையிலருந்து என் பஸ் அங்கன நிக்காது தம்பி," என்றார் முத்துராமலிங்கம்.

பஸ், டீக்கடை இரண்டுமே ஆன்லைன் விளையாட்டு ஒன்றுக்குள் இருப்பவை. அவர் பஸ்ஸில் வருகிறவர்கள்தான் கடைக்கு வாடிக்கை. ஆள் வராத கடையை விளையாட்டு மூடிவிடும். கடையை விலைக்குக் கேட்டு, பெரியகுளத்திலிருந்து கம்பத்தில் இருக்கும் சூரியபிரகாஷ் வீட்டுக்கே நேரில் வந்துவிட்டார்.

"விக்க முடியாதுண்ணே. கடை கயல் பேர்ல இருக்கு," என்றான் சூரியபிரகாஷ்.

"அப்ப உங்க வீட்டம்மாவக் கூப்பிடுங்க, நான் பேசிக்கிறேன். இன்னைக்குக் காலையிலகூட கடையில 'சீனி கம்மிதானேண்ணே'ன்னு கேட்டுச்சு. தங்கமான பிள்ள. உங்கள மாதிரி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா யாவாரம் பண்ணுது?"

"இது பிளாக்செயின் கடைண்ணே. அவளோட ரகசியச் சாவி இல்லாம யாராலயும் விக்க முடியாது. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்."

"அதான் கேக்குறேன், தங்கச்சி எங்க போயிருக்கு?"

சூரியபிரகாஷ் போனைப் பார்த்தபடி சொன்னான்: "போன தையில இறந்துட்டா. வாடிக்கை ஆளுககிட்ட என்ன கேக்கணும்னு அவளே பேசிப் பதிஞ்சு வச்சிருந்தா. யாராச்சும் வந்தாத்தான் அந்தக் குரல் வரும்."

முத்துராமலிங்கம் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை சூரியபிரகாஷ் போனில் விளையாட்டைத் திறந்தான். கடைக்கு முன்னால் பஸ் வந்து நின்றது. முதல் ஆளாக முத்துராமலிங்கம் இறங்கினார்.

"சீனி கம்மிதானேண்ணே?" என்றது கயலின் குரல்.

"ஆமா ஆத்தா," என்றவர், பஸ்ஸைப் பார்த்துச் சத்தம் போட்டார். "எல்லாரும் எறங்குங்கப்பா. டீ குடிச்சாத்தான் வண்டி எடுப்பேன்."