முகம் தெரியாத படம்

ஊர்ப் பிரச்சினைகளைச் சின்னச் சின்ன வீடியோக்களாக எடுக்க அந்தக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ரெஜினா பயிற்சி கொடுத்துவந்தாள். தெருவில் கழிப்பறை இல்லாததைப் பற்றித் தமயந்தி எடுத்திருந்தாள். இருட்டும் நேரம், ஒரு பெண் சொம்புடன் முட்புதரை நோக்கி நடக்கிறாள்.

“இது எங்கம்மா மேடம். அவங்களுக்குத் தெரியாது. ஒரு வார்த்த கேட்டுரட்டுமா?”

“கேட்டா வேணாம்னுதான் சொல்லுவாங்க. முகம்தான் தெரியலையே.”

ஞாயிற்றுக்கிழமை தெருவில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படத்தைப் போட்டார்கள். அந்தப் பெண் இடது காலைத் தாங்கித் தாங்கி நடந்ததுமே, “அட, நம்ம பூங்கோதை!” என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் சிரித்தது. தமயந்தி ஓடிப்போய்க் கைகளை விரித்துத் திரையை மறைத்து நின்றாள். அவளுடைய சட்டையின்மேல் அவளுடைய அம்மா நடந்துகொண்டிருந்தாள்.

ரெஜினா படத்தை நிறுத்தினாள்.

கூட்டத்திலிருந்து பூங்கோதை எழுந்தாள். “ஏன் நிறுத்துறீங்க? பாதியில விட்டா சிரிச்சதுதான் மிஞ்சும். முழுசாப் பாக்கட்டும்.”

“மன்னிச்சிருங்கக்கா. உங்ககிட்டக் கேக்க வேணாம்னு நான்தான் சொன்னேன்.”

“அத எம்பொண்ணுகிட்டச் சொல்லுங்க.”

தமயந்தி வேட்டியில் முகத்தைப் புதைத்திருந்தாள். ரெஜினா திரையை நோக்கி நடந்தாள்.