மவுஸ் இல்லாத மேஜை

என் மூத்த மருமகள்தான் இதை என்னிடம் சொன்னாள். போன ஞாயிற்றுக்கிழமை, நான் பிரார்த்தனை முடித்து எழுந்திருக்கிற நேரத்தில்.

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருப்பார்களே ஒரு தாள், அதை டைப் அடித்துக் கொடுக்கும் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. நிரந்தர வேலை இல்லை, ஒப்பந்தம்தான். என் மகன் வேலை போய் வீட்டில் உட்கார்ந்ததிலிருந்து எங்கள் அடுப்பு எரிவது அவளால்.

ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவளுடைய வலது கை மரத்துப்போக ஆரம்பித்தது. விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வெளியே தெரிந்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்று வாயே திறக்கவில்லை. வலது கையை மடியில் போட்டுக்கொண்டு, மவுஸை மேஜையின் இடது பக்கம் மாற்றி வைத்துக்கொண்டு, எப்படியோ ஓட்டினாள்.

அப்போதுதான் மேனேஜர் அந்த உத்தரவைப் போட்டார். இனி எல்லாரும் எடிட்டர் என்கிற புது சாஃப்ட்வேரில்தான் அடிக்க வேண்டும். அதற்கு மவுஸ் வேண்டாம்.

சொன்னதோடு நிற்கவில்லை. அட்டைப்பெட்டியோடு வந்து ஒவ்வொரு மேஜையிலும் மவுஸைக் கழற்றிப் போட்டுக்கொண்டார். முதலில் வந்தது இவள் மேஜைக்கு. இடது பக்கம் கிடந்த மவுஸை ஒரு நிமிடம் பார்த்தார். இவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பக்கத்து சீட் அக்கா அன்றைக்கே அவருக்கு 'எலிப்பொறி' என்று பெயர் வைத்துவிட்டாள். அறையே சிரித்தது. இவள் மட்டும் வலது கையை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். பார்த்துவிட்டார், தன்னைக் கழித்துக்கட்டத்தான் இந்த ஏற்பாடு என்றே நினைத்தாள்.

புது எடிட்டர் வெறும் கறுப்புத் திரை. எழுத ஆரம்பிக்கும் முன் ஒரு கீயைத் தட்ட வேண்டுமாம். மறந்தால் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டளையாகிவிடும். இவள் மறந்தாள். 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்' என்ற வரி கண்ணெதிரிலேயே காணாமல் போனது. பயந்து மூடப் பார்த்தால், மூடவும் தெரியவில்லை.

"புலி வாலைப் பிடிச்ச கதைதான்டி நமக்கு," என்றாள் அக்கா.

மேனேஜர் பின்னால் வந்து நின்றார். போன வரியைத் திரும்ப வரவழைக்க எதைத் தட்டுவது என்று காட்டினார். பிறகு மெதுவாக, "பதறாதீங்கம்மா. இதுல ரெண்டு கீயைச் சேர்த்துப் பிடிக்கிற வேலை ரொம்பக் கம்மி. ஒண்ணொண்ணா தட்டுங்க, போதும்," என்றார்.

குத்திக்காட்டுகிறார் என்று பாத்ரூமில் போய் அழுதாளாம்.

வேலை தேங்கியது. யாருக்கும் அந்த எடிட்டர் படியவில்லை. எல்லாருமாகச் சேர்ந்து மேலிடத்துக்குப் புகார் எழுதினார்கள். அக்கா தாளை இவள் பக்கம் தள்ளினாள்.

"நீயும் கையெழுத்துப் போடு. அந்த மனுஷன் இருந்தா முதல்ல போறது ஒப்பந்தத்துல இருக்கிற நீதான்."

போட்டாள். இடது கையால், கோணலாக. யாரும் கவனிக்கவில்லை.

மேனேஜரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அவர் மேஜையைக் காலி செய்த அன்று அறை கல்யாண வீடு மாதிரி இருந்தது. அவரே அட்டைப்பெட்டியைத் தூக்கி வந்து எல்லாருக்கும் மவுஸைத் திருப்பிக் கொடுத்தார். யாரும் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

கடைசியாக இவளிடம் வந்தார். இவள் ஒற்றைக் கையால் அன்றைய தாளை அடித்து முடித்திருந்தாள். திரையைப் பார்த்தார். முகத்தில் லேசாக ஒரு நிம்மதி. மவுஸை மேஜையின் இடது பக்கத்தில் வைத்தார்.

"உங்க கம்ப்யூட்டர்ல மட்டும் அந்த எடிட்டரை எடுக்க வேண்டாம்னு சொல்லியிருக்கேன்," என்றார். பிறகு அக்கா காதில் விழாதபடி குனிந்து, "ஒரு கையால அடிக்கிற மாதிரி உங்களுக்கு மட்டும் மாத்திக் கொடுத்திருந்தா, ஏன்னு கேட்டிருப்பாங்கம்மா. அதான் எல்லாருக்கும் மாத்தினேன்," என்றார்.

"அந்தப் புகார்ல நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன் அத்தை," என்றாள் மருமகள்.

அவருக்கு இன்னும் வேறு வேலை அமையவில்லையாம். இன்றைக்கு நீங்கள் பிரார்த்தனை செய்யும்போது அவரையும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள்.