ஏழு பதில்கள்

"எதுக்கு இந்த வேலைக்கு வந்தேன்னு பெரியவரு கேக்குறாரு. முழிக்காம சொல்லுங்க," என்றாள் புஷ்பம். தேயிலைப் பெட்டியின் மேல் கால்மேல் கால் போட்டு, அதிகாரியாகவே மாறியிருந்தாள்.

அவள் புருஷன் தம்பையா கண்களை மூடிக்கொண்டு சிங்களத்தில் ஒப்பித்தான்.

"கண்ண ஏன் மூடுறீங்க? அங்க போய் சாமியா கும்பிடப் போறீங்க?"

எழுபத்தாறாம் ஆண்டின் அந்த மழைக்காலத்தை நினைத்தால் இப்போதும் அவனுக்கு ஈரக் கம்பளியின் வாசனை வரும். பதுளை அரசாங்க அலுவலகத்தில் கிளாக்கர் வேலைக்கு நேர்முகம் சிங்களத்தில்தான் என்று கடிதம் வந்திருந்தது. அவனுக்கோ சிங்களத்தில் பஸ் டிக்கெட் வாங்க மட்டுமே தெரியும். பசறைக் கடைவீதியில் கடை வைத்திருந்த, சிங்களம் தெரிந்த றவூப் நானாதான், கேட்கக்கூடிய ஏழு கேள்விகளையும் அவற்றுக்குப் பதில்களையும் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தார். ஒரு மாதமாக, கொழுந்து பறித்துவிட்டு வந்ததும் புஷ்பம் கேட்பாள், அவன் சொல்வான். என்ன சொல்கிறோம் என்பது இருவருக்குமே பாதிதான் புரிந்தது.

அடுத்த மாதத்தோடு வயது எல்லை முடிகிறது. இதைத் தவறவிட்டால் ஆயுளுக்கும் தோட்டத்து லயத்தின் ஒற்றை அறைதான், தேயிலை மலைதான்.

"பயந்தா மட்டும் நிறுத்திராதீங்க. தப்போ சரியோ, மழை மாதிரி கொட்டிடுங்க," என்று சொல்லி அவள் அவனைப் பஸ் ஏற்றிவிட்டாள்.

பதுளையில், மூடிய கதவுக்குள் ஒரே ஓர் அதிகாரி. தடித்த கண்ணாடி. மேசைமேல் அவர் பெயர் சிங்களத்தில் இருந்தது. தம்பையாவால் வாசிக்க முடியவில்லை.

"நம மொகக்த?" என்று கேட்டார். அது பெயர். சொன்னான். அடுத்தது ஊர். அதையும் சொன்னான்.

மூன்றாவது கேள்வி நீளமாக வந்தது. றவூப் நானாவின் ஏழிலும் அது இல்லை. புஷ்பத்தை நினைத்துக்கொண்டு மூன்றாவது பதிலை எடுத்துவிட்டான். நிறுத்தப் பயந்து நான்கு, ஐந்து, ஆறு, ஏழு என்று மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தான். இனி ஒரு சொல்கூடக் கைவசம் இல்லை.

அதிகாரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, கதவு சாத்தியிருக்கிறதா என்று தள்ளிப் பார்த்தார். அகப்பட்டுக்கொண்டோம் என்று தம்பையா தலையைக் குனிந்தான்.

திரும்பி வந்தவர் குரலைத் தாழ்த்தி, அச்சு அசலான யாழ்ப்பாணத் தமிழில் பேசினார்.

"வேலை உமக்குத்தான் தம்பி. உம்மட்டைக் கேட்ட கேள்வியளும் நான் பாடமாக்கினதுதான். கொழும்பிலயிருந்து சிங்களத்தில வாற கடிதம் ஒண்டும் எனக்கு விளங்கிறேல்லை. நாளையிலயிருந்து எல்லாத்தையும் நீர்தான் வாசிச்சு எனக்குத் தமிழில சொல்ல வேணும்."